மேசையில் விட்ட காசு

ஒரு மனுஷர் ஐந்து ரூபாய்க் குத்திக் காசைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, தோளில் கிடந்த துவாய் பறக்க, நடுத்தெருவில் ஓடுகிறார். அவருக்கு முன்னால் ஒரு சைக்கிள் போகிறது. சைக்கிளில் இருக்கிறவர் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் ஊன்றி மிதிக்கிறார். பாவம், அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்திருப்பார்.

"ஐயா! நில்லுங்கோ ஐயா! காசை மேசையிலை விட்டிட்டுப் போறியள்!"

எங்கள் கடையின் காசு மேசையில் இருந்தபடியே நான் வாசலால் எட்டிப் பார்க்கிறேன். ஓடுகிறவர் யோசேப்பு அண்ணை. குருநகர்க்காரர். எங்களிடம் பரிமாறுகிற வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஒருவழியாகச் சைக்கிளின் பின் கரியரைப் பிடித்து மறித்துவிட்டார்.

"உது உனக்குத்தான் வைச்சனான்," என்றார் சைக்கிள்காரர், ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி.

"எனக்கோ? எனக்கெண்டால் கையிலை தந்திருக்கலாமே ஐயா."

சொல்லிவிட்டு, குத்தியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுங்கையை நீட்டினார். சைக்கிள்காரர் குத்தியைப் பார்த்தார். நீட்டின கையைப் பார்த்தார். தெருவில் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்ட சனத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அதே குத்தியை அந்தக் கையில் வைத்தார். யோசேப்பு அண்ணை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, ஒன்றுமே நடவாததுபோல அடுத்த மேசைக்குச் சொதி ஊற்றினார்.

நான் மேசை லாச்சியை இழுத்து, காசு தேடுகிற பாவனையில் அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

காசு மேசையில் ஒரு பொம்பிளை

அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததையும், அண்ணை பிரான்சுக்குப் போய்விட்டதையும், சைவக்கடையின் பொறுப்பு என் தலையில் வந்து இறங்கியதையும் போன கிழமை எழுதியிருந்தேன். படிக்காதவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும். நான் உடுவிலில் இருந்து தினமும் சைக்கிளில் பட்டினத்துக்கு வருவேன். காலையில் கடையைத் திறந்து, வெளிச்சம் இருக்கும்போதே பூட்டிவிட்டுப் போவேன்.

யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த போர்க்காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோலச் சொட்டுச் சொட்டாக வாங்க வேண்டும். சவர்க்காரத்தைக் கண்டால் கும்பிடலாம். குசினியில் விறகு எரிந்து எரிந்து எங்கள் தோசைக்கே ஒரு புகை மணம் வந்துவிட்டது. அந்த மணத்துக்காகவே வருகிறோம் என்று சிலர் சொன்னார்கள். நான் நம்பவில்லை. என்றாலும் கேட்க நன்றாக இருந்தது.

"குமர்ப்பிள்ளை கடையிலை குந்தியிருக்குது" என்று ஊரில் கதைத்தார்கள். கதைத்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கடையில்தான் சாப்பிட்டார்கள். வாய் கடைக்காரியைத் திட்டிற்று, வயிறு கடைக்கே வந்தது. நானும் சிரித்துக்கொண்டே காசை வாங்கிப் போட்டேன்.

கடையில் என்னைத் தவிர எட்டுப் பேர். எல்லாரையும் சொல்லி உங்களைக் குழப்ப மாட்டேன். இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும். ஒருவர், ஓடின யோசேப்பு அண்ணை. இன்னொருவர், அப்பா கடை தொடங்கிய நாளில் இருந்தே பரிமாறுகிற கந்தையா அண்ணை. மூன்றாவது, குசினியில் மா ஆட்டித் தோசை சுடுகிற தெய்வானை அக்கா. அவவின் குரல்தான் முன்னுக்குக் கேட்கும், ஆளைக் காணக் கிடைக்காது.

யாருடைய காசு?

இதை எழுதக் காரணம் ஒரு வாசகர். "சாப்பாட்டுக்கு விலை கொடுக்கிறோம், பிறகு ஏன் பரிமாறுகிறவருக்குத் தனியாகக் காசு? அது நியாயமா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஐயா. நான் இப்போது இருக்கிற நாட்டில் அந்தக் கேள்வியைக் காசு கட்டுகிற மெசினே கேட்கிறது. சாப்பிட்டு முடிந்ததும் மெசினை நம் பக்கம் திருப்பி, எத்தனை வீதம் என்று கேட்டுவிட்டு, பரிமாறின பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நானும் கூரையைப் பார்த்துக்கொண்டு அமத்துவேன்.

எங்கள் ஊரில் அந்தக் காசுக்குச் 'சந்தோசம்' என்று பெயர். கேட்டு வாங்குவதில்லை. சாப்பிட்டவர் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு குத்தியை வைத்துவிட்டு எழும்புவார். பரிமாறினவர் மேசையைத் துடைக்கிற சாட்டில் அதை எடுத்து மடிக்குள் சொருகுவார். இரண்டு பேருமே அதைப் பார்க்காததுபோல நடந்துகொள்ள வேண்டும். அதுதான் மரியாதை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அப்பா இருந்த காலத்தில், சம்பளம் காணாது என்று யாராவது வாய் திறந்தால், "உங்களுக்குத்தானே சந்தோசம் வருது" என்பார். எங்கள் அப்பா நல்ல மனுஷர். ஆனாலும் சொல்லுவேன், அது அநியாயம். தான் கொடுக்க வேண்டியதைக் குறைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட வந்தவரின் மனநிலையில் விட்டுவிடுவது என்ன நியாயம்? சாப்பிட்டவருக்கு அன்றைக்கு மனைவியோடு சண்டை என்றால் கந்தையா அண்ணையின் வீட்டில் பால்மா இல்லை.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருந்தது. உழுந்தை ஆட்டியது தெய்வானை அக்கா. புகைக்குள் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டு சுட்டதும் அவதான். காசு மட்டும், தட்டத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தவருக்கு. இது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சலாக இருந்தது. என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

கடலை விட்டு வந்தவர்

யோசேப்பு அண்ணை கரைவலைக்காரர். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு கரையில் இருந்து என்ன செய்வது? குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து, குடும்பத்தோடு ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டு, எங்கள் கடை வாசலில் வந்து நின்றார்.

"என்ன வேலை தெரியும்?" என்று கேட்டேன்.

"மீன் பிடிக்கத் தெரியும்."

"இது சைவக்கடை அண்ணை."

"ஓம் பிள்ளை. அதுதான் வேற ஏதும் இருந்தால் பழகுவம் எண்டு வந்தனான்."

அந்தப் பதிலுக்காகவே வேலை கொடுத்தேன். கந்தையா அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளை, சாம்பார் வாளியைப் பிடிக்கிற பிடியைப் பார். வள்ளத்திலை தண்ணி இறைக்கிற மாதிரி" என்று முணுமுணுத்தார். உண்மையில் அப்படித்தான் பிடித்தார். ஆனால் ஒரு சொட்டும் சிந்தினதில்லை.

அந்தச் சைக்கிள் ஓட்டம் முடிந்தபிறகு கந்தையா அண்ணை அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். "விசரே உனக்கு? உது சந்தோசமடாப்பா! வைச்சிட்டுப் போனால் எடுக்கிறதுதானே!"

யோசேப்பு அண்ணைக்கு உண்மையிலேயே அது தெரிந்திருக்கவில்லை. கரையில் வளர்ந்தவருக்கு எப்படித் தெரியும்? வலை கரை ஏறினதும் மணல் முழுக்க மீன் துள்ளிக்கொண்டு கிடக்கும். ஒருவரும் தொடமாட்டார்கள். குவியல் குவியலாகக் கூறு பிரித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுத்தால்தான் அது உன்னுடைய மீன். அதற்கு முன்னால் எடுத்தால் களவு. கிடக்கிறதை எடுப்பது என்ற பழக்கமே அவருக்கு இல்லை.

"இப்ப விளங்கிச்சுதோ?" என்று கேட்டார் கந்தையா அண்ணை.

"விளங்கிச்சுது அண்ணை. ஆனால் கையிலையே தரட்டும்."

அதிலிருந்து அவர் மாறவில்லை. மேசையில் குத்தி வைத்தவர்களுக்குப் பின்னால் ஓடினார். உடுப்பிட்டியில் இருந்து வெங்காயம் விற்க வருகிற ஒரு கமக்காரர், காசுக்குப் பதிலாக ஒரு கைபிடி வெங்காயத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். யோசேப்பு அண்ணை அந்த வெங்காயத்தையும் அள்ளிக்கொண்டு ஓடினார். கமக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்தமுறை வெங்காயத்தை வாழைநாரில் கட்டி, வாசலில் நின்று கூப்பிட்டு, கையில் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் சனம் பழகிவிட்டது. கையில் கொடுப்பதென்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஒரு சொல்லாவது கதைக்க வேண்டும். "பிள்ளையள் எப்பிடி? இன்னும் பள்ளிக்கூடத்திலையோ இருக்கிறியள்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் கடையில் எனக்குத் தெரிந்து முதல்முறையாகச் சாப்பிட வந்தவர்களுக்குப் பரிமாறுகிறவரின் பெயர் தெரிந்தது.

பங்கு

ஒரு பின்னேரம் யோசேப்பு அண்ணை ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணியைக் கழுவிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அன்று தனக்குக் கிடைத்ததை அதற்குள் போட்டார்.

"என்ன இது?" என்றேன்.

"பிரிக்கத்தான் பிள்ளை. குசினியிலை நிக்கிறவைக்கும் சேத்து."

கந்தையா அண்ணை அந்த இடத்திலேயே கொதித்தார். "நான் சிரிச்சுச் சிரிச்சு வாங்கிற காசை, முகம் காட்டாமல் உள்ளுக்கு நிக்கிறவைக்கு ஏன் குடுக்க?"

குசினியில் இருந்து தெய்வானை அக்காவின் குரல் வந்தது. "நான் வெளியிலை வந்து சிரிக்கட்டோ கந்தையர்? அப்ப ஆர் தோசை சுடுறது? நீங்கள் சுடுவியளோ?"

யோசேப்பு அண்ணை சண்டைக்குப் போகவில்லை. "அண்ணை, வலை இழுக்கேக்கை மீனை முதல் காணுறவன் முன்னுக்கு நிக்கிறவன். பின்னுக்கு நிண்டு கயிறு சுத்திறவன் வலை வந்து சேருமட்டும் ஒண்டையும் காணான். அதுக்காண்டி அவனுக்குப் பங்கில்லையோ?"

கந்தையா அண்ணை மடியை இறுக்கிச் சொருகினார். பேணிக்குள் ஒன்றும் போடவில்லை. மற்ற எல்லாரும் சேர்ந்தார்கள்.

பிறகு யோசேப்பு அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கரையிலை வலைக்குச் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு இருக்கு. வலை உங்கடை. உங்களுக்கு வேணுமோ?"

"எனக்கேன் அண்ணை? நான் சம்பளம் குடுக்கிற ஆள்."

"அப்ப அதைக் கொஞ்சம் கூட்டித் தாறியளோ?"

அந்த மனுஷரிடம் வாய் கொடுக்கக் கூடாது! கூட்டினேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை.

காய்ச்சல்

அந்த மாரியில் கந்தையா அண்ணைக்கு மலேரியா பிடித்தது. மருந்து தட்டுப்பாடு. மனுஷர் பாயோடு கிடந்தார். பின்னேரம் பேணியைக் கொட்டிப் பிரித்தபோது யோசேப்பு அண்ணை ஒரு கூறு கூட வைத்தார்.

"இது ஆருக்கு?" என்றா தெய்வானை அக்கா.

"கந்தையா அண்ணைக்கு."

"அந்தாள் ஒரு சதமும் போடேல்லையே!"

"போடாட்டில் என்ன? வருத்தக்காரனுக்குக் கரையிலை பங்கு இருக்கு. அவனும் வலைக்காரன்தானே."

தெய்வானை அக்கா முகத்தைச் சுளித்தா. ஆனால் தோசையும் இரண்டு கட்டிக் கொடுத்தா. காய்ச்சல் விடும்வரைக்கும் யோசேப்பு அண்ணை அந்தப் பங்கைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் தன் பிள்ளைகளிடம் போனார். முதல் நாள் கந்தையா அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். அவரின் மனைவி எனக்குப் பிறகு சொன்னா.

எழும்பி வேலைக்கு வந்த அன்றைக்கு, கடை பூட்டுகிற நேரம், மடியை அவிழ்த்துப் பேணிக்குள் கொட்டினார்.

ஒரு நாதஸ்வரக்காரர் சொன்னது

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். அளவெட்டியில் இருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வருவார். கலியாணங்கள் குறைந்துபோன காலம், அவருக்கும் கஷ்டம்தான். ஆனாலும் எழும்பும்போது பரிமாறினவரின் கையில் ஒரு காசுத் தாளை வைத்து அழுத்திவிட்டுத்தான் போவார். யோசேப்பு அண்ணை வருவதற்கு முந்தியே அவர் அப்படித்தான்.

ஒருநாள் நான் வாயை அடக்க மாட்டாமல் கேட்டேன். "அண்ணை, சாப்பாட்டுக்குத்தான் விலை தாறியளே. உது ஏன்?"

"பிள்ளை, எனக்கு வாசிக்கிறதுக்குக் காசு முதலே பேசித்தான் வாறனான். ஆனால் ஒருத்தர் எழும்பி வந்து, இண்டைக்கு நல்லா இருந்தது எண்டு கையிலை ஒண்டை வைச்சால், அது வேற. அந்தாள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கு எண்டு எனக்குத் தெரியும்."

நியாயமா என்று கேட்ட வாசகருக்கு நான் தரக்கூடிய பதிலில் பாதி இதுதான். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அது கடைக்காரரின் கடன். அதற்கு மேலே கொடுப்பது நன்றாக இருந்தது என்று சொல்வதற்கு. இரண்டையும் குழப்பினால்தான் வில்லங்கம். மிச்சப் பாதியைச் சிவசம்பு முதலாளி வந்து காட்டினார்.

சிவசம்பு முதலாளி

எங்களுக்கு மாவும் சீனியும் தருகிறவர் அவர். கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்து சேருகிற மூட்டைகளை மொத்தமாக வாங்கி, கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். பட்டினத்தில் வேறு இடங்களிலும் மா இருந்தது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். சிவசம்பு முதலாளி கை விட்டால் எங்கள் கடை ஒரு மாதம் தாங்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர். ஆனால் எங்கள் கடைக்கு வரும்போது சொந்த வெள்ளி மூக்குப்பேணி கொண்டுவருவார். தேத்தண்ணியை அதில்தான் ஊற்ற வேண்டும். போகும்போது குத்தியை விரலால் சுண்டுவார். அது மேசையில் உருண்டு, நிலத்தில் விழுந்து, சாப்பிடுகிறவர்கள் இருக்கிற வாங்குக்குக் கீழே போகும். கந்தையா அண்ணை குனிந்து, சிலவேளை முழங்காலில் இருந்து, அதைத் தேடி எடுப்பார். வருஷக்கணக்காக அப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கை பட்டுவிடக் கூடாது. பரிமாறுகிறவர் எந்தச் சாதியோ, எவர் வீட்டுப் பிள்ளையோ. காசு போகட்டும், கை வேண்டாம். இதை அவர் வாயால் சொன்னதே இல்லை. சொல்லாதபடியால் யாரும் கேட்கவும் முடியவில்லை.

கந்தையா அண்ணை காய்ச்சலில் கிடந்த நாள்களில் ஒன்றில்தான் முதலாளி வந்தார். யோசேப்பு அண்ணை பரிமாறினார். முதலாளி சாப்பிட்டார், கை கழுவினார், குத்தியைச் சுண்டிவிட்டு, என் மேசைக்கு வந்து சீனி விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். யோசேப்பு அண்ணை வாங்குக்குக் கீழே இருந்து குத்தியை எடுத்து, துவாயால் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஐயா, உங்கடை காசு விழுந்துபோச்சுது. இந்தாங்கோ."

"தெரியும். உனக்குத்தான் போட்டது. வைச்சிரு."

"போடுறது நாய்க்கு ஐயா. தந்தால் வாங்குவன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கடை அடங்கிவிட்டது. யோசேப்பு அண்ணை குத்தியை முதலாளியின் முன்னால், என் மேசையில், மெதுவாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

முதலாளியின் முகம் கறுத்தது. யோசேப்பு அண்ணையோடு பேசவில்லை. என்னோடுதான் பேசினார். "தங்கச்சி, இனி நான் வரேக்கை உவன் என்ரை கண்ணிலை படக்கூடாது. பட்டால் மாவும் இல்லை, சீனியும் இல்லை. கொப்பரிட்டையும் சொல்லு."

என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. அன்றைக்கு இருந்தது. குசினிக்குள் மாப்பெட்டியில் அடி தெரிந்துகொண்டிருந்தது.

குசினிக்குப் போனவர்

அவர் போனதும் நான் குசினிக்குள் போய்க் கத்தினேன். மா வேண்டாம், சீனி வேண்டாம், பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கட்டும், பனங்கிழங்கு மாவில் ஒடியல் பிட்டு அவித்து விற்போம், யோசேப்பு அண்ணை முன்னுக்குத்தான் நிற்பார் என்றேன். பெரிய வீராப்பு. கேட்க எனக்கே நன்றாக இருந்தது.

யோசேப்பு அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பிள்ளை, ஒடியல் பிட்டுக்கு எத்தினை பேர் வருவினம்?" என்றார்.

நான் மாப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

"எட்டு வீட்டு அடுப்பு இதிலை எரியுது. நான் குசினியிலை நிக்கிறன். தெய்வானை அக்காவுக்கும் கை உளைவு, உழுந்தை நான் ஆட்டித் தாறன். முன்னுக்கு நிண்டால் என்ன, பின்னுக்கு நிண்டால் என்ன, பங்கு பங்குதானே?"

பங்கு பங்குதான். அவர் கொண்டுவந்த ஒழுங்கு அவரையே தாங்கிக்கொண்டது. காசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் முன்வாசலைப் பார்த்த பார்வையை நான் கண்டேன். தெருவில் எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷர் புகைக்குள் போனார். மா வந்தது, சீனி வந்தது. கந்தையா அண்ணை காய்ச்சல் விட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுத் துவாயைத் தோளில் போட்டார்.

நாரி

அடுத்தமுறை முதலாளி வந்தது மத்தியானம். கடை நிறைந்த சனம். கந்தையா அண்ணை அவருக்கு வழக்கம்போல வெள்ளி மூக்குப்பேணியில் ஊற்றினார், வழக்கம்போலச் சிரித்தார், அப்பளம் இரண்டு கூட வைத்தார். முதலாளி கண்ணால் கடையை ஒருதரம் துழாவினார். யோசேப்பு அண்ணையைக் காணவில்லை. திருப்தியாகச் சாப்பிட்டார்.

எழும்பி, மடியில் இருந்து குத்தியை எடுத்தார். சுண்டுவதற்கு விரலை மடக்கினார்.

கந்தையா அண்ணை கையை நீட்டினார்.

அப்பா காலத்தில் இருந்து, ஒருவரிடமும் கை நீட்டாத மனுஷர். நேராக, நெஞ்சு உயரத்துக்கு, உள்ளங்கை மேலே பார்க்க நீட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து மேசையில் சாப்பிட்டவர்கள் கை வாயில் வைத்தபடி பார்த்தார்கள்.

"என்ன கந்தையா? நீயுமோ?" என்றார் முதலாளி. குரல் தாழ்ந்து, பல்லுக்கிடையில் வந்தது.

இந்த வயதில் இவரும் குசினிக்குள் போகப் போகிறார், எங்கள் மாவும் போகப் போகிறது, கடை இன்றோடு சரி என்று நினைத்தேன்.

கந்தையா அண்ணையின் சிரிப்பு மாறவில்லை. "ஐயா, காய்ச்சல் விட்டதிலையிருந்து நாரி ஏலாது. குனிஞ்சால் நிமிரேலாமல் கிடக்கு. டொக்டரும் குனியக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார். கையிலை தாங்கோ ஐயா, புண்ணியமாப் போகும்."

ஐயோ, அந்தப் பொய்! எந்த டொக்டர்? காலையில்தான் அரிசி மூட்டையைத் தனியாக இறக்கிவைத்தவர்!

முதலாளி அவரைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். ஒரு கிழவர் இடுப்பு நோவென்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அதற்கு மேல் குத்தியை நிலத்தில் போட எந்த மனுஷரால் முடியும்? சண்டை பிடிக்கவும் காரணம் இல்லை. தன்னை அவமதித்தார் என்று சொல்லவும் இல்லை. மூலையில் யாரோ சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார்கள்.

முதலாளி குத்தியைக் கந்தையா அண்ணையின் உள்ளங்கையில் வைத்தார். விரல் பட்டது. நான் பார்த்தேன்.

"உடம்பைப் பாத்துக்கொள்," என்றார். மூக்குப்பேணியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் காசு மேசையை விட்டு எழும்பிப் போய் அந்த மனுஷரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஒருவரையும் நோகடிக்கவில்லை, எங்கள் மாவையும் காப்பாற்றினார், முதலாளிக்கும் தலை நிமிர்ந்து வெளியே போக ஒரு வழி விட்டார். நான் வீராப்புப் பேசின இடத்தில் அவர் நாரியைப் பிடித்துக்கொண்டு நின்றே காரியத்தை முடித்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் பரிமாறுகிற எல்லாருக்கும் நாரி நோ. இருபது வயதுப் பெடியனுக்கும் நாரி நோ. சிவசம்பு முதலாளி பிறகு வந்தபோதெல்லாம் கையில்தான் கொடுத்தார். மா நிற்கவில்லை.

அந்தப் பின்னேரம் கடையைப் பூட்டுகிற நேரம் பேணியைக் கொட்டிக் கூறு பிரித்தோம். யோசேப்பு அண்ணையின் பங்கை எடுத்துக்கொண்டு கந்தையா அண்ணையே குசினிக்குள் போனார். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன். யோசேப்பு அண்ணை நாளைக்கான உழுந்தை ஆட்டிக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் மா.

"இந்தா யோசேப்பு, உன்ரை பங்கு."

"கை முழுக்க மா அண்ணை. உந்தப் பலகையிலை வையுங்கோ, பேந்து எடுக்கிறன்."

"வைக்கமாட்டன்."

யோசேப்பு அண்ணை ஆட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எழும்பிப் போய்க் கையைக் கழுவிப்போட்டு வா," என்றார் கந்தையா அண்ணை.

யோசேப்பு அண்ணை கிணற்றடிக்குப் போனார். சவர்க்காரம் இல்லை, மா ஒட்டிக்கொண்டு போக மறுத்தது, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் வரும்வரைக்கும் கந்தையா அண்ணை காசைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றார்.